சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலியரானோர்

இத்தாலிய மொழியிலே 'கம்பனிலிஸ்மோ' என்றொரு சொல் வழங்குகின்றது. 'கம்பனிலே' என்பது தேவாலயத்தின் மணிக்கோபுரம். பிறந்த ஊரின் கோபுரத்து மணியோசை எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவே தன் நாடு என்றும், அதற்கப்பால் வாழ்வோர் அயலவர் என்றும் கருதும் மனப்பான்மையையே அச்சொல் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவை நோக்கிக் கப்பலேறிய இத்தாலியர் இலட்சக்கணக்கானோர். ஆயினும், கப்பலேறும்போது தம்மை இத்தாலியர் என்று எண்ணியவர் அவர்களுட் சிலரே. ஜெனோவாக்காரன், லூக்காக்காரன், இன்ன மலையடிவாரத்து ஊரான், இன்ன கடற்றுறையான் என்றே அவர்கள் தம்மை அறிந்திருந்தனர். கலிபோர்ணியாவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர்கள் அமைத்த சமூகத்தின் வரலாறு, ஊரவர் எவ்வாறு இத்தாலியராயினர் என்பதன் வரலாறேயாகும். அவர்கள் இத்தாலியரானது இத்தாலியில் அன்று, அமெரிக்காவில்.

இக்கூற்று முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 1848ஆம் ஆண்டு சனவரியிற் கலிபோர்ணியாவிலே பொன் கண்டெடுக்கப்பட்ட காலத்தில் இத்தாலி என்றோர் அரசு தேசப்படத்தில் இருக்கவில்லை. சார்டீனிய இராச்சியம், இரு சிசிலிகளின் இராச்சியம், போப்பாண்டவரின் ஆட்சிப் பிரதேசம், ஒஸ்திரியர் கையிலிருந்த மாகாணங்கள் என அந்நாடு பலவாகப் பிரிந்து கிடந்தது. 1850களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்த லெயனெத்தோ சிப்பிரியானி என்பாரும் சார்டீனிய அரசரின் தூதராகவே வந்தாரன்றி இத்தாலியின் தூதராக வந்தவரல்லர். 1861இல் இத்தாலிய இராச்சியம் பிரகடனம் செய்யப்பட்டது. 1870இல் உரோமாபுரி அதனோடு சேர்ந்தது. அரசு ஒன்றாயிற்றேயன்றி மொழி ஒன்றாகவில்லை. தாந்தே கவிஞரின் தொஸ்கானா மொழியைப் பள்ளியிற் கற்றோர் சிறு தொகையினரே. ஜெனோவாக் கடலோடி ஒருவன் தன் வீட்டு மொழியிற் பேசினால் சிசிலி மீனவனுக்கு விளங்காது. சிசிலியன் பேசுவது ஜெனோவாக்காரனுக்கு விளங்காது.

பொன்னாசை உலகமெங்குமிருந்து மக்களைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஈர்த்தது. அக்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் புகையிரதப் பாதை இல்லை. அது 1869இலேயே நிறைவெய்திற்று. அதற்கு முன்னர் ஐரோப்பாவிலிருந்து வருவோர் தென்னமெரிக்காவின் கோடியைச் சுற்றியோ பனாமாப் பூசந்தியைக் கடந்தோ வரவேண்டியிருந்தது. இந்நெடுவழியைக் கடல் பழகியோரே எளிதிற் கடந்தனர். எனவேதான் முதலில் வந்த இத்தாலியருட் பெரும்பாலோர் ஜெனோவாவைச் சூழ்ந்த லிகூரியாக் கரையினராயினர். தென்னமெரிக்காவில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்த சிலரும் அங்கிருந்து வடக்கே வந்தனர். ரபாலோ என்னும் ஊரிற் பிறந்த தொமேனிக்கோ கிரார்தெல்லி அத்தகையோர். பெரு நாட்டு லீமா நகரில் இவர் இனிப்புப் பண்டம் செய்து விற்றுவந்தார். அயலில் வாழ்ந்த அமெரிக்கரான யேம்ஸ் லிக் என்பவர் 600 றாத்தல் சொக்கலேற்றுடன் சான் பிரான்சிஸ்கோ சென்று அதனை விற்ற செய்தியறிந்து, 1849இற் கிரார்தெல்லியும் கலிபோர்ணியா புகுந்தார். பொன் அகழ்வதைவிடப் பொன் அகழ்வோருக்குப் பொருள் விற்பது மேல் என்பதை அவர் விரைவிற் கண்டுகொண்டார். அவருடைய சொக்கலேற்றின் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆற்றுமணலை அரித்து வறுமையுற்று, பின்னர் மரக்கறித் தோட்டம் செய்தோ கடை வைத்தோ பிழைத்த லிகூரியர் பலருக்கு அத்தகைய பெயர் எஞ்சவில்லை.

நகரின் வடகிழக்கில் டெலிகிராப் குன்றுக்கும் ரஷ்யன் குன்றுக்கும் இடையே கிடக்கும் பள்ளமான நிலப்பகுதி 'நோர்த் பீச்' எனப்படும். முன்னர் அங்கு ஒரு கடற்கரை இருந்தது. அது தூர்க்கப்பட்டு நிலமாகிவிட்டது. இறங்குதுறைக்கும் சந்தைக்கும் அண்மை, வீட்டுவாடகை குறைவு என்னும் இரு காரணங்களால் வந்தேறிகள் அங்கே தங்கினர். இத்தாலியர் மாத்திரமன்றிப் பிரெஞ்சுக்காரரும் ஸ்பானிய மொழி பேசுவோரும் அங்கு வாழ்ந்தனர். 1880களுக்குப் பின் இத்தாலியரின் தொகை பெருகப் பெருக, அப்பகுதி அவர்களுடையதேயாயிற்று. அவர்களுள் நான்கு பிரதேசத்தவர் முதன்மையானோர்: ஜெனோவாப் பகுதியார், தொஸ்கானாவின் லூக்காப் பகுதியார், தெற்கே கலாப்ரியாவிற் கொசென்சாப் பகுதியார், சிசிலியிற் பலேர்மோவை அடுத்த மீன்பிடி ஊரார். நியூயோர்க் நகரில் தென்னிந்தாலியரே மிகுந்திருக்க, இங்கே வடவர் மிகுந்திருந்தனர் என்பதும் குறிப்பிடற்பாலது.

இந்நான்கு திறத்தாரும் ஒரே தெருக்களில் வாழ்ந்தனரேயாயினும் ஒரே சமூகமாக வாழ்ந்தாரல்லர். ஊரிலிருந்து ஒருவன் வந்து வேலை தேடிக்கொள்வான். அவன் தன் தம்பியை அழைப்பான். தம்பி மைத்துனனை அழைப்பான். புதிதாக வந்தவன் தன் ஊரவர் நடத்தும் விடுதியில் தங்கி, ஊரவர் செய்யும் தொழிலிலேயே புகுவான். மணமகள் வேண்டுமாயின் ஊருக்கே கடிதம் போகும். இவ்வாறு ஒவ்வொரு தொழிலும் ஒவ்வோர் ஊராரின் உரிமைபோலாயிற்று. நகரின் தெற்கேயுள்ள மணற்பாங்கான நிலத்தில் உரமிட்டு மரக்கறி விளைவித்தோர் பெரும்பாலும் ஜெனோவாக்காரர். 1870களில் இவர்கள் கூடிக் 'கொலம்போ சந்தை' என்னும் மொத்த விற்பனைச் சந்தையை நிறுவினர். கொலம்போ என்பது கொலம்பசின் இத்தாலியப் பெயர். நமது கொழும்பு நகரோடு அதற்குத் தொடர்பில்லை. அச்சந்தையின் செங்கல் வாயில் வளைவு மட்டும் இன்று ஒரு பூங்காவில் எஞ்சி நிற்கின்றது.

மீன்பிடித் தொழிலின் வரலாறு இவ்வூர்ப்பற்றை நன்கு விளக்கும். முதலில் அத்தொழில் ஜெனோவாக் கரையினரிடம் இருந்தது. முக்கோணப் பாய் கட்டிய 'பெலூக்கா' என்னும் வள்ளங்களை அவர்கள் தம் நாட்டு முறைப்படியே கட்டிச் செலுத்தினர். மத்தியதரைக் கடலுக்குரிய அப்பாய்கள் பசிபிக் கரையில் விரிந்து நின்ற காட்சியை அக்காலப் புகைப்படங்களிற் காணலாம். பின்னர்ப் பொற்றிசெல்லோ, ஈசோலா டெல்லே பெம்மினே முதலிய சிசிலிய ஊர்களிலிருந்து மீனவர் வந்தனர். இரு சாராருக்கும் பூசலுண்டாயிற்று. வடவர் தெற்கத்தியாரைக் கல்வியறிவற்றோர் என இகழ்ந்தனர். தெற்கத்தியார் வடவரைச் செருக்கர் என்றனர். முடிவில் வென்றோர் சிசிலியர். ஆனால் இவ்வெற்றி போட்டியால் மாத்திரம் வந்ததன்று. ஜெனோவாக்காரரின் பிள்ளைகள் கடலைவிட்டுக் கடைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் மாறிக்கொண்டிருந்தனர். விட்டுச் சென்ற இடத்தைப் புதியவர் நிரப்பினர். சிசிலியர் தம் ஊர்த் தெய்வமாதாவாகிய 'ஒளியின் அன்னை'யின் வழிபாட்டையும் உடன்கொணர்ந்தனர். ஆண்டுதோறும் ஒக்டோபரிலே மீன்பிடி வள்ளங்களை ஆசீர்வதிக்கும் விழா பொற்றிசெல்லோ ஊரார் வழியாக வந்ததே.

குப்பை அள்ளும் தொழிலும் ஜெனோவாப் பகுதியாரின் கையிலேயே இருந்தது. மேட்டுத் தெருக்களிலும் மாடிப்படிகளிலும் ஏறியிறங்கி, பெரிய சாக்குத் துணியிற் கழிவைக் கட்டி முதுகிற் சுமந்து, குதிரை வண்டியில் ஏற்றினர். கந்தல், போத்தல், எலும்பு முதலியவற்றைப் பிரித்தெடுத்து விற்றனர். முதலில் ஒவ்வொருவரும் தனித்தனி வண்டி வைத்திருந்தமையால், ஒருவர் தெருவில் மற்றவர் புகுந்து கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டுக் கெட்டனர். 1920இல் இவர்கள் ஒன்றுகூடி இரு கூட்டு நிறுவனங்களை அமைத்தனர். வண்டியேறிக் குப்பை சுமந்த தொழிலாளரே அவற்றின் பங்காளர். அவர்களே நிர்வாகிகளைத் தெரிந்தெடுத்தனர். 1932இல் நகர வாக்காளர் நிறைவேற்றிய கட்டளைச் சட்டம் இத்தொழிலை உத்தரவுப் பத்திரமுடையோர்க்கு உரியதாக்கிற்று. எவரும் விரும்பாத தொழிலை எவரும் பறிக்கவியலாத சொத்தாக அவர்கள் மாற்றிய திறம் வியக்கத்தக்கது. எனினும் பங்கு பெறாது கூலிக்கு மாத்திரம் அமர்த்தப்பட்ட பிறவினத்தார் பிற்காலத்தில் இம்முறையைக் குறைகூறினர் என்பதையும் மறைத்தலாகாது. ஊரவரை ஊரவர் நம்பியதாலெழுந்த நிறுவனத்தில் ஊரவரல்லாதார்க்கு இடம் அரிதாயிருந்தது.

ஊரெல்லையைக் கடந்த முதல் நிறுவனம் 1858இல் எழுந்த இத்தாலியப் பரஸ்பர உதவிச் சங்கமாகும். இத்தாலிய அரசு தோன்றுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே இத்தாலியர் என்னும் பெயரால் ஒரு சங்கம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்தமை சிந்தித்தற்குரியது. நோயும் மரணமுமே அதனைத் தோற்றுவித்தன. மனைவி மக்களின்றித் தனியே வந்தவன் நோயுற்றால் பராமரிப்பார் இல்லை. இறந்தால் அடக்கம் செய்வார் இல்லை. சங்கம் மருத்துவ உதவி அளித்தது. பின்னர் நகருக்குத் தெற்கே கொல்மா என்னுமிடத்தில் இடுகாடும் அமைத்தது. 1869இல் நிக்கொலா லார்க்கோ என்னும் வணிகரின் முயற்சியாற் கொலம்பஸ் விழா ஊர்வலம் தொடங்கிற்று. கொலம்பஸ் ஜெனோவாவிற் பிறந்து ஸ்பெயின் அரசிக்காகக் கப்பலோட்டியவர். அவரை இத்தாலியர் அனைவருக்கும் முன்னோராக்கியவர் ஜெனோவா வணிகரே. காலப்போக்கிற் சிசிலியரும் அவ்வூர்வலத்திற் சேர்ந்துகொண்டனர்.

ஒற்றுமை முயற்சிகள் யாவும் கைகூடின எனல் தவறு. அந்திரேயா ஸ்பார்போரோ என்பவர் 1881இற் சொனோமாப் பகுதியில் நிலம் வாங்கித் திராட்சைத் தோட்டக் குடியேற்றமொன்றைத் தொடங்கினார். இத்தாலிய சுவிஸ் குடியேற்றம் என்பது அதன் பெயர். தொழிலாளர் ஒவ்வொருவரின் சம்பளத்திலும் மாதந்தோறும் 5 டொலர் பிடித்து அவரைப் பங்காளராக்குவது அவர் திட்டம். தொழிலாளர் அதற்கு இணங்கவில்லை. கையிற் கிடைக்கும் காசை ஊருக்கு அனுப்பவேண்டியவர், பலனறியாத பத்திரத்துக்காக அதனை விட்டுக்கொடுப்பரோ? அவர்களை அறியாமையுடையோர் எனப் பழித்தல் எளிது. ஆனால் நிலவுடைமையாளரின் வாக்குறுதிகளை நம்பிக் கெட்ட தலைமுறைகளின் அனுபவம் அவர்களுக்குப் பின்னாலிருந்தது. குடியேற்றம் சாதாரண வணிக நிறுவனமாக மாறிச் செழித்தது. 1897இல் அவர்கள் கட்டிய மதுத்தொட்டி பல இலட்சம் கலன் கொள்வது. அதனுள்ளே வாத்தியம் முழங்க நடனவிழா நடத்தினர். ஸ்பார்போரோவின் கூட்டுறவுக் கனவோ நிறைவேறவில்லை.

ஈண்டு மற்றொன்றும் கூறவேண்டும். நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1891ஆம் ஆண்டு இத்தாலியர் பதினொருவரை வெறிகொண்ட கும்பலொன்று கொன்றது. சான் பிரான்சிஸ்கோவில் அத்தகைய கொடுமை நிகழவில்லை. இதனை இத்தாலியரின் நற்பேறு என்றும் உழைப்பின் பயன் என்றும் எழுதுவோர் உளர். ஆனால் அந்நகரில் வெறுப்பைச் சுமக்க வேறொரு சாரார் இருந்தனர். நோர்த் பீச்சை அடுத்தே சீனரின் குடியிருப்பு. இடையே ஒரு தெருவே எல்லை. 1882இற் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்த சட்டம் சீனருக்குக் குடியுரிமையையும் மறுத்தது. இத்தாலியன் ஆங்கிலம் அறியாதவனாயினும் சட்டத்தின் கண்ணில் 'வெள்ளையன்'; விரும்பினாற் குடியுரிமை பெறலாம், வாக்களிக்கலாம், மாநகர முதல்வராகவும் வரலாம். எல்லைத் தெருவின் மறுபுறத்திலிருந்தோர் இவ்வழியனைத்தும் அடைக்கப்பட்டோர். இத்தாலியரின் உயர்ச்சியை அளக்கும்போது இதனையும் உடன்வைத்தே அளத்தல் நேர்மை.

இச்சமூகத்தின் வரலாற்றிற் பெரும்பெயர் பெற்றவர் அமதேயோ பீட்டர் ஜியன்னீனி. 1870இற் சான் ஹொசே என்னும் ஊரிற் பிறந்தவர். பெற்றோர் ஜெனோவாவை அடுத்த மலையூரிலிருந்து வந்தவர்கள். சிறுதொகைக் கூலித் தகராறொன்றில் தொழிலாளி ஒருவன் சுட்டதால் தந்தை இறந்தபோது அமதேயோ சிறுவர். தாய் மறுமணம் செய்துகொண்டார். சிற்றப்பனாராக வந்தவர் சான் பிரான்சிஸ்கோவில் மரக்கறி மொத்த வணிகம் செய்தார். பள்ளியைவிட்டு அவ்வணிகத்திற் சேர்ந்த இளைஞர், விடியுமுன் இறங்குதுறைக்குச் சென்று வள்ளங்களில் வந்திறங்கும் விளைபொருளை விலைபேசினார். பள்ளத்தாக்குகளெங்கும் குதிரையேறிச் சென்று விவசாயிகளோடு பழகினார். எவன் நாணயமுள்ளவன், எவன் வாங்கிய கடனைத் திருப்புவான் என்பதை அவர் நேரிற் கண்டறிந்தது இவ்வாறே. பிற்காலத்தில் அவர் கடன் கொடுக்கும்போது ஈடு பார்த்ததினும் ஆளைப் பார்த்தார் எனக் கூறுவதன் பொருள் இதுவேயாம்.

அப்பகுதியின் முதல் இத்தாலிய வங்கி, கப்பற் பயணச்சீட்டு முகவரான ஜான் பூகாசி 1893இல் நிறுவியது. ஜியன்னீனி அதன் பணிப்பாளருள் ஒருவரானார். ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கவேண்டும் என அவரும், செல்வர்க்குப் பெருங்கடனே பாதுகாப்பானது என மற்றையோரும் முரண்பட்டனர். வெளியேறிய ஜியன்னீனி 1904 ஒக்டோபர் 17ஆந் திகதி, முன்னர்த் தவறணையாயிருந்த ஒரு கட்டடத்தில் 'இத்தாலிய வங்கி'யைத் திறந்தார். முதல்நாள் வைப்பு 8,780 டொலர். பங்குகளை ஒருசிலர் கையிற் சேரவிடாது மீன் வணிகர், பலசரக்குக் கடைக்காரர், பாண் சுடுவோர் எனப் பலர்க்கும் பகிர்ந்தார். வீதியிலே மக்களை நிறுத்திச் சேமிப்பென்றால் என்ன, வட்டியென்றால் என்ன என்று விளக்கினார். மெத்தைக்கு அடியிலும் தகரப் பேணியிலும் காசை வைத்திருந்தோருக்கு வங்கியென்பது கனவான்கள் நுழையும் பளிங்கு மண்டபமாகவே தோன்றியிருந்தது. தம் மொழியறிந்தவர் தம் தெருவிலிருந்து அழைத்தமையாலேயே அவர்கள் உட்புகுந்தனர். அவ்வங்கியின் பெயரும் கவனித்தற்குரியது. அது ஜெனோவா வங்கியன்று, இத்தாலிய வங்கி. லூக்காக்காரனும் சிசிலியனும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்றனர்.

1906 ஏப்ரல் 18ஆந் திகதி அதிகாலை ஐந்து மணியளவிற் பூமி அதிர்ந்தது. அதிர்ச்சியினும் கொடியதாயிற்றுத் தீ. நீர்க்குழாய்கள் உடைந்தமையால் மூன்று நாட்கள் எரிந்த நெருப்பில் 28,000 கட்டடங்கள் அழிந்தன. மூவாயிரம்பேருக்கு மேல் மாண்டனர் என்பது இன்றைய கணிப்பு. ஜியன்னீனி தம் வீடிருந்த சான் மாத்தேயோவிலிருந்து பல மைல் நடந்தும் வண்டியேறியும் நண்பகலளவில் வங்கியை அடைந்தார். கட்டடம் நின்றது, ஆனால் தீ நெருங்கிக்கொண்டிருந்தது. பெட்டகத்திலிருந்த ஏறத்தாழ 80,000 டொலர் பெறுமதியான பொன்னையும் வெள்ளியையும் சிற்றப்பனாரின் மரக்கறி வண்டிகளில் ஏற்றி, மேலே தோடம்பழப் பெட்டிகளை அடுக்கி மறைத்து, கொள்ளையர் அஞ்சியிருந்த இரவிலே வீட்டுக்குக் கொண்டுசென்றார். பல வாரங்கள் வரை அக்காசில் தோடம்பழ மணம் வீசியதாக அவர் பின்னர்க் கூறுவதுண்டு.

பெரிய வங்கிகளின் பெட்டகங்கள் இடிபாடுகளுக்குள்ளே காய்ந்து கிடந்தன. உடனே திறந்தால் உள்ளிருக்கும் தாள்கள் காற்றுப்பட்டதும் தீப்பற்றும். அவை ஆறும்வரை வாரக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். காசைப் பெட்டகத்தில் விடாது கொண்டுசென்ற சிறிய வங்கியோ சில நாட்களில் இறங்குதுறையில் இரு பீப்பாய்களின்மேற் பலகையிட்டுக் கடன் கொடுக்கத் தொடங்கிற்று. கேட்டதிற் பாதியைக் கொடுத்து, மறுபாதியை மறைத்துவைத்த சேமிப்பிலிருந்து எடுக்குமாறு ஜியன்னீனி சொன்னாரென்பர். இதன் நுட்பம் தெளிவு. ஒளித்துவைத்த பொன் வெளிவந்தது. வெளிவந்தது வங்கிக்கே திரும்பிற்று. டெலிகிராப் குன்றில் இத்தாலியர் தம் நிலவறைகளிலிருந்த திராட்சை மதுவிற் சாக்குகளை நனைத்துக் கூரைகளின்மேல் விரித்துச் சில வீடுகளைக் காத்தனர் என்னும் கதையும் வழங்குகின்றது. அது எவ்வாறாயினும், நோர்த் பீச் நகரின் ஏனைய பகுதிகளை முந்திக்கொண்டு எழுந்தது என்பது உண்மை. அவ்வங்கி 1930இல் 'பாங்க் ஒப் அமெரிக்கா' எனப் பெயர் மாறி, 1945 அளவில் உலகின் மிகப்பெரிய வங்கியாயிற்று. ஜியன்னீனி 1949இல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து ஐந்து இலட்சம் டொலருக்குக் குறைவு.

மீண்டெழுந்த நோர்த் பீச்சின் நடுவில், வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கி இராயப்பர் சின்னப்பர் தேவாலயம் எழுந்தது. பழைய ஆலயம் தீக்கிரையாயிற்று. புதியதன் வேலை 1912இல் தொடங்கி 1924இல் நிறைவெய்திற்று. நகரக் கத்தோலிக்கத் திருச்சபை ஐரிஷ் குருமாரின் ஆட்சியில் இருந்தமையால், இத்தாலியச் சலேசிய சபைக் குருமார் நடத்திய இவ்வாலயம் தமக்குரியது என மக்கள் கருதினர். அதன் முகப்பிலே தாந்தேயின் சுவர்க்க காண்டத்துத் தொடக்க அடிகள் பொறிக்கப்பட்டுள்ளன. எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார் அவ்வெழுத்துக்களின்கீழ் நுழைந்து தத்தம் ஊர்ப்பேச்சிலே செபித்தனர். அவர்தம் பிள்ளைகள் மாலைப் பள்ளியில் அவ்வடிகளின் மொழியைக் கற்றனர். தாயிடம் சிசிலியமும் தெருவில் ஆங்கிலமும் ஏட்டில் இத்தாலியமும் என மூன்று மொழிகளிடையே அவர்கள் வளர்ந்தனர். யாவரும் பக்தர் என எண்ணவேண்டா. குருமாரையும் செல்வரையும் வெறுத்த அராஜகவாதிகளும் அப்பகுதியில் இருந்தனர். 1926, 1927ஆம் ஆண்டுகளில் அவ்வாலயம் பலமுறை வெடிகுண்டுத் தாக்குதலுக்குள்ளாயிற்று.

1924இன் சட்டம் ஆண்டொன்றுக்கு 3,845 இத்தாலியரே அமெரிக்காவினுட் புகலாமென வரையறுத்தது. புதியோர் வரவு குன்றவே, ஊருடன் இருந்த தொடர்பும் தளர்ந்தது. இத்தாலியர் என்னும் பொதுப்பெயர் வலுத்தது. அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. முசோலினியின் ஆட்சியை அமெரிக்கப் பத்திரிகைகளே புகழ்ந்த காலம் அது. நீண்டகாலம் இகழ்ச்சிக்கு இலக்காயிருந்தோர்க்கு அப்புகழ் இனித்தது. எத்தோரே பாத்ரீத்சியின் 'லித்தாலியா' பத்திரிகை பாசிச ஆட்சியைப் போற்றிற்று. கார்மேலோ சீத்தோவின் 'இல் கொரியேரே டெல் பொப்போலோ' அதனைத் துணிவுடன் எதிர்த்தது. ஒரே கோப்பிக்கடையில் இரு பத்திரிகைகளின் வாசகரும் இருந்தனர். 1931இல் அஞ்சலோ ரொசி என்னும் பூ வணிகர் மாநகர முதல்வரானார். இச்சமூகத்தின் உச்சநிலை இதுவே எனலாம்.

1941 டிசம்பரில் நிலைமை ஓரிரவில் மாறிற்று. அமெரிக்கக் குடியுரிமை பெறாத இத்தாலியர் ஏறத்தாழ ஆறு இலட்சம்பேர் நாடெங்கும் 'பகைநாட்டு அயலவர்' எனப்பட்டனர். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் எழுத்தறிவின்மையாலோ அவசியம் தோன்றாமையாலோ குடியுரிமை பெறாத முதியோர் அவர்களுட் பலர். அவர்தம் பிள்ளைகள் அமெரிக்கப் படையில் இருந்தனர். புகைப்படமொட்டிய அடையாளப் புத்தகம் வைத்திருக்கவேண்டும். சிற்றலை வானொலி, புகைப்படக்கருவி, மின்சூள் முதலியவற்றை ஒப்படைக்கவேண்டும். இரவு எட்டு மணிக்குமேல் வீட்டைவிட்டு வெளிவரலாகாது. கரையோரம் தடைசெய்யப்பட்ட பகுதியாயிற்று. கலிபோர்ணியாவில் ஏறத்தாழ பத்தாயிரம்பேர் 1942 பெப்ரவரி 24ஆந் திகதிக்குள் தம் வீடுகளைவிட்டு நீங்கவேண்டியதாயிற்று. மீன்பிடி வள்ளங்கள் பலவற்றைக் கடற்படை எடுத்துக்கொண்டது.

இவ்விதிக்குட்பட்டோருள் ஒருவர் ஜுசெப்பே டிமாஜியோ. ஈசோலா டெல்லே பெம்மினேயிற் பிறந்து மீன்பிடித்து ஒன்பது பிள்ளைகளை வளர்த்தவர். அவர் மகன் ஜோ, பேஸ்போல் ஆட்டத்தில் 1941இலே தொடர்ந்து 56 போட்டிகளில் வெற்றியடி அடித்து நாடறிந்த வீரரானவர். மீனவர் இறங்குதுறையில் மகனின் பெயரால் ஓர் உணவுச்சாலை நடந்துகொண்டிருந்தது; தந்தையோ அங்குச் செல்லத் தகுதியற்றவராயினார். பாத்ரீத்சி என்னும் முதியவரும், நகரப் பொலிஸ் ஆணைக்குழுவில் இருந்த சட்டத்தரணி சில்வெஸ்டர் அந்திரியானோவும், குற்றச்சாட்டு இன்னதென வெளிப்படையாகத் தெரிவிக்கப்படாமலே கரையோர மாகாணங்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இவ்விருவரும் குடியுரிமை பெற்ற அமெரிக்கர் என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு மே மாதத்தில் மாநகர முதல்வர் ரொசி, சட்டசபை விசாரணைக்குழுவின்முன் தம் விசுவாசத்தை மெய்ப்பிக்க நேர்ந்தபோது கண்ணீர் விட்டார். அதே கரையிலிருந்து யப்பானிய வமிசத்தினர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர், குடியுரிமை பெற்றோர் பெறாதோர் என்னும் வேறுபாடின்றி, முகாம்களிலே அடைக்கப்பட்டனர். இத்தாலியரின் துன்பம் அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. 1942 ஒக்டோபர் 12ஆந் திகதி, கொலம்பஸ் தினத்தன்று, சட்டமா அதிபர் பிரான்சிஸ் பிடில் இத்தாலியர் இனிப் பகைநாட்டாரல்லர் என அறிவித்தார். அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதமே இருந்தது.

அறிவிப்பு வந்தது, அச்சம் நீங்கவில்லை. இத்தாலிய மொழிப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. பிள்ளைகளோடு வீட்டுமொழியிற் பேசுவதைப் பெற்றோர் குறைத்தனர். போர் முடிந்தபின் படையிலிருந்து மீண்ட இளைஞர், அரசு உதவிக் கடன் பெற்று மரீனாப் பகுதியிலும் நகருக்குப் புறத்தேயும் வீடு வாங்கினர். பிளவுபடுத்திய ஊர்ப்பற்று ஒழிந்தது. ஒன்றுபடுத்திய தெருவும் உடனொழிந்தது. 1965இன் குடிவரவுச் சட்டத்தின்பின் சீனர் எல்லைத் தெருவைக் கடந்து நோர்த் பீச்சிலே குடியேறினர். இராயப்பர் சின்னப்பர் ஆலயத்தில் இத்தாலிய மொழியோடு சீனத்திலும் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. 1957இல் டெலிகிராப் குன்றில் நாட்டிய கொலம்பஸ் சிலை, அமெரிக்க முதுகுடியினர்க்கு அவர் இழைத்த கொடுமைகளை முன்னிட்டெழுந்த எதிர்ப்பின்போது, 2020 யூனில் நகராட்சியாலே அகற்றப்பட்டது. அவர் பெயரால் நடந்த ஊர்வலமும் அதற்கு முன்னரே இத்தாலிய மரபுரிமை ஊர்வலமெனப் பெயர் மாறிவிட்டது.

போர்க்காலத்தில் இத்தாலியர்க்கு நேர்ந்தவற்றை நெடுங்காலம் அரசும் பேசவில்லை. பட்டவரும் நாணத்தாற் பேசவில்லை. ஆய்வாளரும் குடும்பத்தாரும் முயன்றதன் பயனாக 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் அத்தவற்றை ஒப்புக்கொள்ளும் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. தொழில் செய்யாது தடுக்கப்பட்ட மீனவரின் பெயர்களைத் திரட்டுமாறும் அச்சட்டம் பணித்தது. ஜுசெப்பே டிமாஜியோ 1949இலேயே இறந்துவிட்டார். அவர் மகன் ஜோ 1999 மார்ச்சில் இறந்தார். அவருடைய இறுதித் திருப்பலி இராயப்பர் சின்னப்பர் ஆலயத்திலேயே நடைபெற்றது.